முசுறுப் பிள்ளைக்குப் போர்வை இல்லை

அந்தக் காலத்தில் எறும்புக்கும் பேச்சு இருந்தது, அது பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க மரத்துக்குப் பொறுமையும் இருந்தது. மனிதன் அப்போது வந்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை. ஓரமாக நின்று பார்த்துப் படித்துக்கொண்டு போயிருப்பான், அது வேறு விஷயம்.

மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறைத் தெரியும். சிவப்பு உடம்பு, நீளக் கால். பச்சை இலைகளை ஒன்றோடு ஒன்று இழுத்து, வெள்ளை நூலால் தைத்து, உள்ளே குடியிருக்கும். காய் பறிக்கக் கையை நீட்டினால் கடிக்கும். கடித்தால் லேசில் விடாது. பிய்த்து எடுத்தால் உடம்பு நம் விரலோடு வரும், தலை தோலிலேயே இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் அது பிறவிக் குணம் என்று சொல்லிவிடுவார்கள். பிறவிக் குணமாவது ஒன்றாவது. யாரோ செய்துவைத்த வேலை அது. செய்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காலத்து முசுறுக் கூட்டில் நூல் கிடையாது. இலையை வளைத்துப் பிடித்து மரப்பிசினால் ஒட்டுவார்கள். காலையில் நன்றாக இருக்கும். உச்சிவெயில் ஏறினால் பிசின் இளகும், இலை விரியும். அப்போது ஆளுக்கொரு ஓரத்தைக் கடித்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வெயில் தாழும்வரை நிற்பார்கள். கஷ்டமான வேலைதான். ஆனால் அதனால் யாரும் செத்துவிடவில்லை.

நூல் வேறொரு இடத்தில் இருந்தது. முசுறுப் பிள்ளை பிறக்கும்போது அதற்குக் கால் கிடையாது, கண் கிடையாது. நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாகக் கிடக்கும். தாதிகள் ஊட்டுவார்கள். தின்று கொழுத்துப் பெரிதானதும் ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். அதன் வாயிலிருந்து நூல் வரும். அந்த நூலைத் தன்னைச் சுற்றித் தானே சுற்றி ஒரு போர்வை செய்துகொண்டு உள்ளே படுத்துவிடும். ஆயுசுக்கு ஒரே ஒரு முறைதான் அந்த நூல். தலையாட்டுகிற பிள்ளையைத் தொடக் கூடாது என்பது முசுறுகளின் சட்டம். அவர்களுக்கு இருந்த ஒரே சட்டமும் அதுதான்.

போர்வைக்குள்ளே கால் முளைக்கும், கண் திறக்கும், தாடை வரும். வெளியே வரும் நேரம் வந்ததும் பிள்ளை உள்ளேயிருந்து போர்வையைக் கடிக்கும். கடிக்கும், விடும், கொஞ்சம் தள்ளிக் கடிக்கும், மறுபடி விடும். இப்படியே தன் போர்வையைத் தானே கிழித்துக்கொண்டு எழுந்து வரும். எதைக் கடிப்பது, எப்போது விடுவது என்ற இரண்டு பாடத்தையும் பிள்ளை படித்தது அங்கேதான். முசுறுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஓடைக்கரையில் ஒரு மாமரமும் ஒரு நாவல் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கிளைகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. மாமரத்தில் ஒரு முசுறுக் கூட்டம், நாவலில் ஒரு முசுறுக் கூட்டம். இரண்டும் புதிதாகக் குடிவந்தவை, இரண்டையும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அந்தக் கரை முழுவதும் கட்டெறும்பின் ஆட்சி. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இனிப்புத் தண்ணீர் சுரக்கும் பால்பூச்சிதான் எறும்புகளுக்கு மாடு. முசுறுகள் மேய்த்த மாட்டைக் கட்டெறும்பு மரமேறி வந்து பாதி கறந்துகொண்டு போகும். கேட்டால் கடி விழும்.

மாமரத்தில் வேலாத்தாள் தளபதி. நாவலில் பேச்சியாத்தாள். ராணி என்று இரண்டு இடத்திலும் ஒருத்தி இருந்தாள். முட்டையிடுவதோடு அவள் அதிகாரம் முடிந்தது, ஆட்சி இவர்கள் கையில்தான் இருந்தது.

ஓர் ஐப்பசியில் ஓடை கரைமீறி வந்தது. தரையில் இருந்த கட்டெறும்புகள் மொத்தமாக மாமரத்தில் ஏறின. இந்தத் தடவை பாதிக்கு வரவில்லை, முழு மரத்துக்கும் வந்தன. வேலாத்தாள் கிளை நுனிக்கு ஓடி நாவலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பேச்சி மதினி, இன்னைக்கு எங்களை விழுங்குறவன் நாளைக்கு உங்க மரத்துலயும் ஏறுவான். ஆள் அனுப்புங்க."

"ஆள் ரெடியா இருக்கு மதினி. காத்து கிளையைப் பிரிச்சுப் போட்டிருக்கே, எப்படித் தாண்டுறது?"

கிளைக்கும் கிளைக்கும் நடுவில் வெறும் காற்றுதான். அப்போது இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. ஒருத்தியின் இடுப்பை அடுத்தவள் வாயால் பிடிக்க, அவள் இடுப்பை இன்னொருத்தி பிடிக்க, இங்கிருந்து ஒரு சங்கிலி, அங்கிருந்து ஒரு சங்கிலி. இரண்டும் காற்றில் ஆடி ஆடி நெருங்கின. மாமரத்துச் சங்கிலியின் நுனியில் தொங்கியவள் காத்தாயி. அவள் தாதி, சண்டைக்காரி இல்லை. அன்று தாதிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். நாவல் பக்கத்து நுனியில் தொங்கியவள் உடையாள். அவளும் தாதிதான். காத்தாயி எட்டி உடையாளின் இடுப்பைப் பிடித்தாள்.

"வலிக்குதா அக்கா?" என்று காத்தாயி பல்லுக்கிடையில் கேட்டாள்.

"வலிக்காம? பரவாயில்ல, விடாத" என்றாள் உடையாள்.

அவர்கள் முதுகுமேல் நாவல் படை முழுவதும் நடந்து மாமரத்துக்குப் போனது. மழை அடித்தது. காத்தாயி விடவில்லை. ஆனால் உடையாளின் இடுப்பை நறுக்கவும் இல்லை. எவ்வளவு அழுத்தினால் பிடிக்கும், எவ்வளவு அழுத்தினால் அறும் என்று அவள் தாடைக்குத் தெரிந்திருந்தது. உடையாளின் இடுப்பில் ஒரு சின்னத் தழும்போடு போயிற்று.

கட்டெறும்பு தோற்றது. ஊர் உலகத்துக்கு அதிசயம். தண்ணீர் வடிந்ததும் தரைக்கு இறங்கின கட்டெறும்புகள், அப்புறம் அந்த இரண்டு மரத்தையும் மறந்துவிட்டன.

அதற்குப் பிறகு இரண்டு மரத்துக்கும் நல்ல காலம். மாமரம் பூக்கும்போது நாவல்காரர்கள் தங்கள் மாடுகளை இங்கே கொண்டுவந்து மேய்த்தார்கள். நாவல் தளிர்க்கும்போது இவர்கள் அங்கே போனார்கள். கம்பளிப்புழு விழுந்தால் இழுக்க இரண்டு பக்கத்து ஆளும் வந்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். வேலாத்தாளும் பேச்சியாத்தாளும் சந்தித்தால் தலைக்கொம்பும் தலைக்கொம்பும் தட்டி, மதினி, மதினி என்று பேசி முடிக்கப் பொழுது போதாது. அந்தக் கரையில் முசுறு என்றால் ஓணான்கூட வழிவிட்டது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. நொந்து கிடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் தோள் கொடுப்பான், நாமும் கொடுப்போம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால்தான் அவன் தலை நம் தலைக்குமேல் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

பேச்சியாத்தாள் மாமரத்துப் பக்கமாக ஒரு கிளை முன்னால் வந்து புதுக் கூடு கட்டினாள். வேலாத்தாள் கேட்டாள்.

"என்ன மதினி, இந்தப் பக்கமா வந்துட்டீங்க?"

"பிள்ளைங்க பெருகிட்டாங்க மதினி. இடம் பத்தல."

"பெருகினா அந்தப் பக்கம் கிளை இல்லையா?"

"இந்தப் பக்கம்தான் நிழலு."

வேலாத்தாள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மறுநாள் அவளும் ஒரு கிளை முன்னால் போய்க் கூடு கட்டச் சொன்னாள். அவளுக்கும் நிழல் தேவைப்பட்டது. அப்புறம் அவர்கள் ஒரு கிளை, இவர்கள் ஒரு கிளை. கடைசியில் இரண்டு கூடுகள் எதிரெதிரே, மூச்சுவிட்டால் கேட்கிற தூரத்தில் வந்து நின்றன. நிழலுக்காக வந்தவர்கள் இரண்டு பேரும் நல்ல வெயிலில் நின்றார்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மாமரத்து எல்லைக் கூட்டின் பிசின் இளகி, பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு இலை படீரென்று விரிந்தது. உள்ளே இருந்த தாதிகள், ஊட்டி முடிக்காத பிள்ளைகள், மூலையில் வைத்திருந்த அரைப் புழு எல்லாம் எதிர்க் கூட்டுக்காரர்கள் கண்ணுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. நாவல் காவலாட்கள் சிரித்தார்கள். பேச்சியாத்தாள் வந்து பார்த்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மதினி வீட்டுல கதவு மட்டும்தான் போலிருக்கு. சுவரே காணோமே" என்றாள்.

அவள் வீட்டுப் பிசினும் அதே வெயிலில்தான் இளகிக்கொண்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள்? வேலாத்தாள் விரிந்த இலையையும், சிரிக்கிற வாய்களையும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பிள்ளைகள் இருக்கும் உள்கூட்டுக்கு நடந்தாள்.

அங்கே காத்தாயி ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அவள் முத்தா என்று பெயர் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் போர்வையைவிட்டு வந்த பிறகுதான் பெயர் என்பது வழக்கம். இவள் பொறுக்காமல் முன்னாலேயே வைத்துவிட்டாள். முத்தா அன்று காலையில் தின்பதை நிறுத்திவிட்டு, அப்போதுதான் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தாள்.

"அதைக் குடு" என்றாள் வேலாத்தாள்.

காத்தாயிக்குப் புரியவில்லை. "தளபதி, பிள்ளை தலையாட்டுது. தொடக் கூடாது."

"எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியா? குடுன்னா குடு."

"எதுக்கு?"

"சுவருக்கு."

காத்தாயி பிள்ளையின் குறுக்கே போய் நின்றாள். "நூல் ஒரு தடவதான் வரும் தளபதி. நீங்க எடுத்துக்கிட்டா அவ எதைப் போத்திக்குவா?"

"ஒரே ஒரு பிள்ளைதான். அந்த ஒரு மூலைக்கு மட்டும்தான். வீடே திறந்து கிடக்குது, உனக்குப் போர்வை கேக்குதா? நாளைக்கு அவ உள்ள வந்து இந்தப் பிள்ளைங்களை எல்லாம் தூக்கிட்டுப் போனா உன் போர்வையை வச்சு என்ன பண்ணுவ? பிள்ளைங்க நல்லதுக்குத்தான் செய்றேன்."

பிள்ளைகள் நல்லதுக்கு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் உடம்பிலிருந்து உரிக்கிறவர்கள் எப்போதும் இதைத்தான் சொல்வார்கள். கூட வந்த இரண்டு காவலாட்கள் காத்தாயியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேலாத்தாள் முத்தாவை வாயில் கவ்விக்கொண்டு எல்லைக் கூட்டுக்குப் போனாள்.

ஆட்கள் இலை ஓரங்களை இழுத்துச் சேர்த்துப் பிடித்தார்கள். வேலாத்தாள் பிள்ளையின் வாயை இலையில் வைத்து, அதன் நெற்றியில் தன் கொம்பால் தட்டினாள். போர்வை செய்யும் நேரம் வந்துவிட்டது, யாரோ அன்பாகத் தட்டிச் சொல்கிறார்கள் என்று அது நினைத்திருக்கும். நூலை விட்டது. வேலாத்தாள் பிள்ளையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கும் தறியில் நூல் சுமந்த நாடாக்கட்டை ஓடுவதுபோல ஓட்டினாள். நூல் தீரும்வரை ஓட்டினாள். தீர்ந்ததும் பிள்ளையைக் கீழே வைத்தாள்.

இழுத்துப் பிடித்தவர்கள் மெல்ல வாயை எடுத்தார்கள். இலை விரியவில்லை. உச்சிவெயிலில், ஒருவரும் பிடிக்காமல், சுவர் வெள்ளையாக நின்றது. மாமரமே ஆரவாரம் செய்தது. 'இனிமேல் எவனும் நம்மை அசைக்க முடியாது' என்று கத்தினார்கள். கீழே கிடந்த பிள்ளையை ஒருத்தியும் பார்க்கவில்லை.

காத்தாயி பார்த்தாள். முத்தா இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. நூல் வரவில்லை. தன்னைச் சுற்றி இல்லாத போர்வையை அவள் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அப்படியே அசந்து அம்மணமாகக் கிடந்தாள். காத்தாயி அவள்மேல் தன் உடம்பை வளைத்துப் படுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாள் விடிந்ததும் காத்தாயி யாருக்கும் தெரியாமல் கிளை நுனிக்குப் போய் உடையாளைக் கூப்பிட்டாள். அவள் கணக்கு நியாயமான கணக்கு. நாவல்காரர்கள் நம்மோடு மழையில் தொங்கியவர்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது அவர்களுக்குத் தெரிந்தால் பேச்சியாத்தாள் வந்து முகத்துக்கு நேரே கேட்பாள், கேட்டால் வேலாத்தாள் வெட்கப்பட்டு நிறுத்துவாள். இப்படித்தான் அவள் நினைத்தாள். நல்லவர்கள் எல்லாரும் இப்படித்தான் நினைத்துத் தொலைக்கிறார்கள்.

"அந்த வெள்ளைச் சுவர் என்னது, காத்தாயி?" என்று உடையாளே கேட்டாள். "எங்க ஆளுங்க ராவெல்லாம் அதைத்தான் பேசுறாங்க."

"அது என் முத்தாவோட போர்வை அக்கா." நடந்ததை முழுவதும் சொன்னாள். "உங்க தளபதிகிட்ட சொல்லுங்க. அவங்க வந்து ஒரு வார்த்தை கேட்டா இவ நிறுத்திடுவா. சட்டம் ரெண்டு மரத்துக்கும் ஒண்ணுதானே."

உடையாள் அழுதாள். "பாவிகளா" என்றாள். நேரே பேச்சியாத்தாளிடம் ஓடினாள். ஒன்று விடாமல் சொன்னாள். பேச்சியாத்தாள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். உடையாள் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நெத்தியில எப்படித் தட்டினாளாம்?"

உடையாள் பின்னால் நகர்ந்தாள். "தளபதி, நான் அதுக்குச் சொல்லல."

"நீ எதுக்குச் சொன்னாலும் சரி. அவ சுவர் வச்சுட்டா, நான் பிசினைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? ஒரு பிள்ளையை எடுத்துட்டு வா. ஒண்ணு போதும்."

அன்று வெயில் ஏறுவதற்குள் நாவலிலும் வெள்ளைச் சுவர் வந்துவிட்டது. முறை தெரிந்தவள் உடையாள்தான் என்று அவளையே பிள்ளையைப் பிடிக்கவைத்தார்கள். பிடிக்க மாட்டேன் என்றாள். ஒரு கால் போயிற்று. பிடித்தாள்.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? வேலாத்தாள் அந்த மூலையோடு நிறுத்தவில்லை, கூடு முழுவதையும் தைத்தாள். பேச்சியாத்தாள் இரண்டு கூட்டைத் தைத்தாள். இவள் சுவருக்குமேல் சுவர் வைத்தாள். அவள் மாடு கட்டும் தொழுவத்துக்கும் சுவர் வைத்தாள். பால்பூச்சிக்கு நூல் வீடு கிடைத்தது, பெற்ற பிள்ளைக்கு இல்லை. தலையாட்டத் தொடங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே இரண்டு மரத்திலும் ஆட்கள் நியமித்தார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகள் எப்படியோ தாங்கின. மார்கழியில் பனி இறங்கியபோது விறைத்துப்போன பிள்ளைகளைத் தாதிகள் காலையில் வாரிக் கீழே போட்டார்கள். இரண்டு மரத்தடியிலும் வெள்ளையாகக் கிடந்தது. கட்டெறும்பு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

முத்தா சாகவில்லை. காத்தாயி ஒவ்வொரு பனியிலும் அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

அந்தத் தை மாதம் இரண்டு மரத்துத் தாதிகளும் பிள்ளைக்கு ஊட்ட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காத்தாயியும் உடையாளும்தான் அதற்குக் காரணம். அவர்கள் கேட்டது அதிகமில்லை. இரண்டு தளபதிகளும் நேரில் பேச வேண்டும், சுவரைப் பிரிக்க வேண்டும், நூல் பிள்ளைகளுக்கே போக வேண்டும், அவ்வளவுதான். ராணிகள் பயந்தார்கள். தளபதிகள் சம்மதித்தார்கள். கிளைகள் தொடும் இடத்தில் சந்திப்பு. தாதிகள் இரண்டு பக்கமும் கூடி நின்றார்கள்.

"வாங்க மதினி. இளைச்சுட்டீங்களே" என்றாள் வேலாத்தாள்.

"வேலை சாஸ்தி மதினி. உங்க சுவர் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் பேச்சியாத்தாள்.

"உங்களுது மட்டும் என்னவாம். மூலை மடிப்பு எங்களுக்கு அவ்வளவு சுத்தமா வரல."

கேட்டீர்களா பேச்சை. தாதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காத்தாயி முன்னால் வந்தாள். "சுவரைப் பத்திப் பேச வரல தளபதி. பிள்ளைங்களைப் பத்திப் பேசுங்க."

"சரி" என்றாள் வேலாத்தாள். "பிரிச்சுடலாம். எனக்கு மட்டும் ஆசையா? மதினி முதல்ல பிரிக்கட்டும்."

"நான் ஏன் முதல்ல? முதல்ல தச்சவங்க யாரு?"

"முதல்ல கிளை தாண்டி வந்தவங்க யாரு?"

"நீங்க பிரிங்க, நான் பின்னாலயே பிரிச்சுடுறேன்."

"உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க பிரிங்க."

மாறி மாறி இதுதான். வெயில் ஏறியது, இறங்கியது. 'சேர்ந்தாற்போலப் பிரியுங்கள், நாங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறோம்' என்றாள் உடையாள். அது இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை. ஆனால் பேச்சு தோற்றது என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் வெறுங்கையோடு கலைவார்களா? சாயங்காலத்துக்குள் அருமையான உடன்படிக்கை ஒன்று செய்தார்கள். இரண்டு எல்லைக் கூட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிளையைச் சும்மா விட்டுவிடுவது, அதில் எந்தப் பக்கத்து ஆளும் கால் வைக்கக் கூடாது. எல்லையில் காவலுக்கு வயசான ஆட்களை, அதிலும் பேச்சு அதிகமான தாதிகளை வைப்பது, செத்தால் நஷ்டமில்லை. கடைசியாக, அவரவர் பிள்ளைகளை அவரவர் என்ன செய்கிறார்கள் என்று அடுத்தவர் கேட்பதில்லை, அது உள்வீட்டு விஷயம். இதில் ஒன்றுக்குக்கூட அவர்களுக்குள் தகராறு வரவில்லை. மழையில் சங்கிலி கோத்தபோது இருந்த ஒற்றுமை அன்றைக்குத்தான் மறுபடி வந்தது.

மறுநாளே காத்தாயியை மாமரத்து எல்லையில் கொண்டுபோய் வைத்தார்கள். எதிரே, வெறும் கிளைக்கு அந்தப் பக்கம், ஐந்து காலோடு உடையாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், பேசலாம். கிட்டே போகக் கூடாது.

"முத்தா எப்படி இருக்கா?" என்று உடையாள் கேட்பாள்.

"கண்ணு திறந்துட்டா அக்கா. தாடை நல்லா வந்திருக்கு. எழுந்திருச்சதும் உங்களைக் காட்டுறேன்."

முத்தா எழுந்தாள். போர்வை இல்லாமல் எழுந்த முதல் முசுறு அவள். எழுந்ததும் அவள் தாடை தானாகத் திறந்துகொண்டது. எதையோ கடிக்க வேண்டும் என்று இருந்தது. சுற்றிலும் பார்த்தாள், கடிக்க ஒன்றும் இல்லை. போர்வைக்கென்று பிறவியிலேயே வைத்திருந்த அந்த முதல் கடி அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. அது எங்கே வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிகிறது என்று மட்டும் சொன்னாள்.

காத்தாயியைத் தேடி எல்லைக்கு வந்தாள். "எனக்கு ஏதோ குறையுது. என்னது அது?" என்று கேட்டாள்.

காத்தாயி வெள்ளைச் சுவரைக் காட்டினாள். "அதுதான் தாயி. அது உன்னோடது."

முத்தா சுவர் பக்கத்தில் போய் அதை முகர்ந்தாள். தன் வாய் வாசனை. நேரே வேலாத்தாளிடம் போனாள். தாடையை அகல விரித்துக்கொண்டு அவள் எதிரே நின்றாள். அந்தக் கடி விழ வேண்டிய இடத்துக்கு எதிரே, மயிரிழை தூரத்தில், அது நின்றது.

"என் நூலை எடுத்தது நீதானா?" என்றாள் முத்தா.

வேலாத்தாளுக்கு உள்ளே நடுங்கியிருக்கும். வெளியே காட்டுவாளா? குரலைக் குழைத்துக்கொண்டாள். "நானா எடுப்பேன் கண்ணு? பெத்த மாதிரி வளத்தவ நான். அந்த நாவல்காரி கிளை தாண்டி வரலைன்னா எனக்குச் சுவர் எதுக்கு? உன் போர்வையைப் பறிச்சது அவங்க. அங்க பாரு, இன்னும் நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

முத்தா திரும்பிப் பார்த்தாள். பச்சைப் பிள்ளை, நேற்று எழுந்தவள். அவளுக்கு என்ன தெரியும்? வெறும் கிளையில் பாய்ந்தாள். எதிரே காவலுக்கு நின்றவள் உடையாள். ஓடிவருகிற பிள்ளையை முத்தா என்று கண்டுகொண்டு, அவள் முன்னால் ஓரடி எடுத்து வைத்தாள். முத்தா அவள் இடுப்பைக் கவ்வினாள், பழைய தழும்பு இருந்த அதே இடத்தில்.

"விடு முத்தா" என்று காத்தாயி எல்லையைத் தாண்டி ஓடினாள். "அது நம்ம அக்கா. விடுடி."

முத்தா காத்தாயியைப் பார்த்தாள். கடித்த வாயோடு ஏதோ சொன்னாள். விட வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது, எப்படி விடுவது என்று தெரியவில்லை. அதைப் படிக்க வேண்டிய இடத்தில் அவள் படிக்கவில்லை. காத்தாயி அவள் தலையைப் பிடித்து இழுத்தாள். தாடை இன்னும் இறுகியது. உடையாள் ஒருமுறை காத்தாயியின் கொம்பைத் தொட்டாள், அதற்குப் பிறகு அசையவில்லை. தளபதிகள் இரண்டு பேரும் அவரவர் சுவருக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்கு முன்னால் கட்டெறும்புகள் வெள்ளை மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டை என்று நினைப்போம். அவை போர்வைக்குள் தூங்கும் பிள்ளைகள். தோற்றுப்போன கட்டெறும்பின் பிள்ளைக்கு இன்றும் போர்வை இருக்கிறது. ஜெயித்த இருவரின் பிள்ளைகள்தான் அம்மணமாகக் கிடக்கின்றன. கூட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும், சுவரெல்லாம் நூல், பிள்ளைமேல் ஓர் இழை இருக்காது.

அன்று முதல்தான் முசுறு, கிளையைத் தொட்ட கையை, காய் பறிக்க வந்த விரலை, சும்மா அந்த வழியாகப் போனவன் கழுத்தை எல்லாம் கடிக்கிறது, தலை அறுந்தாலும் விடத் தெரியாமல் கடிக்கிறது. கடிக்க வேண்டிய இரண்டு பேரை மட்டும் இன்றுவரை கடிக்கவில்லை.